பேச்சியின் நெல் நாளும் புழு நாளும்

கடலோர உப்பங்கழிக்குப் பக்கத்திலே ஒரு கோரைப் புதர். அதிலே பேச்சி என்ற கானாங்கோழியும் அவள் புருஷன் சுடலையும் குடியிருந்தார்கள். கோரைக்கு இந்தப் பக்கம் நெல் வயல். அந்தப் பக்கம் நீந்திக் கடக்க முடியாத வேகத்தில் ஓடும் அகலமான ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டிவிட்டால் எந்த வெயிலிலும் பச்சை மாறாத தில்லைக்காடு.

தை மாதம் அறுப்பு மெஷின் வந்து போனது. வயலெல்லாம் நெல் சிந்திக் கிடந்தது. பேச்சிக்குச் சொல்லவா வேண்டும்! விடிந்தது முதல் இருட்டும்வரை தின்றாள். தின்று தின்று மத்தளம் மாதிரி ஆனாள். சுடலையும் கூடத்தான் தின்றான். அவன் தின்றது எங்கே போனதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு நாள் கீரி வந்தது. சுடலை "குவாக்!" என்று கத்திக்கொண்டே பறந்து தாழம்புதரில் ஏறிக்கொண்டான். பேச்சியும் எம்பினாள். உடம்பு எழும்பவில்லை! தொப்பென்று சேற்றில் விழுந்தாள். உருண்டு புரண்டு கோரைக்குள் புகுந்து தப்பினாள். வால் இறகில் பாதி கீரியின் வாயில் போயிற்று.

கீரி அதைத் துப்பிவிட்டுச் சிரித்தது. "ஒண்ணும் அவசரமில்ல தாயி! சித்திரை வெயில்ல கோரை காயும். மத்தவங்க எல்லாம் வாய்க்காலைத் தாண்டிப் பறந்துருவாங்க. நீ எங்கே போவே? நல்லாத் தின்னு!"

அன்றைக்குப் பேச்சிக்கு ஒரு மணி நெல்கூட இறங்கவில்லை. கீரி சொன்னது அத்தனையும் உண்மை. வருஷா வருஷம் கோரை காய்ந்ததும் கானாங்கோழிகள் தில்லைக்காட்டுக்குத்தான் பறந்து போவார்கள். பறந்தால் உயிர் மிஞ்சும். இல்லையென்றால் கீரிக்குச் சாப்பாடு.

கவலையோடு உப்பங்கழிக் கரைக்குப் போனாள். அங்கே சேற்றில் கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஈர்க்குச்சிக் கால். ஆனால் அவை பனி உறைந்து கிடக்கும் வடகோடியிலிருந்து மலையையும் கடலையும் தாண்டி வருபவை! பேச்சி குஞ்சாக இருந்த காலத்திலிருந்தே அவற்றைப் பார்த்து வாய் பிளப்பவள்.

"அம்மாடி! அத்தனை தூரம் இந்த உடம்பா பறக்குது! அப்படி என்னதான் திங்குதோ?" என்று கரையிலேயே நின்று கவனித்தாள்.

கடல்நீர் இறங்கிச் சேறு தெரிந்ததும் உள்ளான்கள் தலை நிமிராமல் தின்றன. நீர் ஏறியதும் மணல்மேட்டில் போய் ஒற்றைக் காலில் நின்றன. ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை. மறுபடி நீர் இறங்கியது. மறுபடி தின்றன.

"அட, இவ்வளவுதானா சூட்சுமம்! ஒரு நேரம் தீனி, ஒரு நேரம் விரதம்!" என்று பேச்சி குதித்தாள். வீட்டுக்கு ஓடினாள்.

"ஏங்க! உள்ளானோட ரகசியத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். இனிமே எனக்கு ஒரு நாள் நெல் நாள், மறுநாள் புழு நாள். நெல் நாள்ல வயிறு முட்டத் தின்பேன். புழு நாள்ல நெல்லைக் கண்ணாலகூடப் பாக்கமாட்டேன். புழு, நத்தை, பாசி அவ்வளவுதான்!"

"ஏளா, அப்படியே ஒத்தக் கால்ல நிக்கவும் பழகிக்க!" என்றான் சுடலை.

"கிண்டல் பண்ணாதீங்க! பனிநாட்டுலேருந்து பறந்து வர்ற உடம்புக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?"

சொன்னபடியே ஆரம்பித்தாள். முதலில் உடம்பு லேசானது என்னவோ நிஜம். தாழம்புதரின் கீழ்க்கிளைக்கு எம்பி ஏறிவிட்டாள்! அவ்வளவுதான், கோரை முழுக்கத் தம்பட்டம். மற்ற கானாங்கோழிகள் வந்து, "அக்கா, இன்னைக்கு நெல்லா, புழுவா?" என்று அவளிடம் யோசனை கேட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் வினை. கொழுந்தன் வீட்டில் முட்டையிலிருந்து குஞ்சுகள் வெளிவந்ததற்கு விருந்து வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் புழு நாள். "நெல்லா? எனக்கு வேண்டவே வேண்டாம்!" என்று பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசையாகக் கொண்டுவந்து வைத்த ஓரகத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று.

புழு நாளில் கண்ணை மூடினால் நெல்தான் தெரிந்தது. சுடலை ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுந்தாள். மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே வயலில் போய் நின்றாள். "நாளைக்குக் கிடையாதே!" என்று நாளைக்கும் சேர்த்துத் தின்றாள். போகப் போக, புழு நாளின் சாயங்காலமே நெல் நாள் பிறந்துவிட்டது. கடைசியில் இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

ஒரு நாள் காலையில் தாழங்கிளைக்கு எம்பினாள். தொப்பென்று விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் கோரையின் நுனியெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது. பேச்சி தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏங்க, நான்தான் ஒண்ணுக்கும் ஆகாதவளா? இல்ல, இந்த வழியே ஆகாதா?"

சுடலை இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. "அழாத. யாரைப் பாத்து ஆரம்பிச்சியோ அதுகிட்டயே போய்க் கேளு" என்றான்.

உப்பங்கழிக்குப் போனவள் திகைத்து நின்றுவிட்டாள். ஈர்க்குச்சிக் காலின் மேல் ஓர் உருண்டை நின்றுகொண்டிருந்தது! கழுத்து எங்கே, வயிறு எங்கே என்று தெரியவில்லை.

"அடியே தங்கச்சி! நீயா இது? நீயே இப்படிப் பெருத்துட்டியே!"

"நல்லாப் பெருத்திருக்கேனா அக்கா?" என்று உள்ளான் சந்தோஷமாகக் கேட்டது. "இன்னும் கொஞ்சம் வேணும்!"

"பெருக்கணுமா! அப்போ தண்ணி ஏறுறப்ப எல்லாம் விரதம் இருந்தியே?"

"விரதமா? சேறு தண்ணிக்கடியில போயிட்டா நான் எதைத் தின்பேன்? கடல் என் சோத்தை மூடி வைக்குது. திறந்ததும் ஓடிப்போய்த் தின்கிறேன். வேற ஒண்ணும் இல்லக்கா!"

இளைப்பதற்காக அவள் பார்த்துப் பழகியதெல்லாம், இன்னொருத்தி பெருப்பதற்காகத் தின்ற தீனி!

"ஏன்டி பெருக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

உள்ளான் வடக்கே திரும்பிப் பார்த்தது. "சித்திரையில நாங்க கிளம்பணும். ராத்திரி பகலா பறக்கணும். கால் வைக்க இடமில்லாத ஊரெல்லாம் வரும். மேகத்துக்கு மேல மலை நிக்கும். அங்கே யார் எனக்குச் சோறு போடுவாங்க? இந்தக் கொழுப்புதான் சோறு. போய்ச் சேரும்போது எல்லாம் கரைஞ்சு, பழையபடி ஈர்க்குச்சி ஆயிடுவேன்."

பேச்சிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் துணுக்கு உடம்புக்குள்ளேயா அத்தனை மலையைத் தாண்டுகிற தைரியம் இருக்கிறது? அதன் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நீ எங்கேக்கா போகணும்?" என்று உள்ளான் கேட்டது.

பேச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "அந்தா இருக்கு பாரு வாய்க்கால். அதுக்கு அந்தப் பக்கம்." தன் நெல் நாள், புழு நாள் கதையையும் சொல்லி முடித்தாள்.

உள்ளான் சிரிக்கவில்லை. "உனக்கு அதுவும் உயிர்ப்பயணம்தானே. ஒண்ணு கேக்கட்டுமா? இந்த நெல் நாள், புழு நாள் எல்லாம் அடுத்த வருஷமும் உன்னால முடியுமா?"

"அடுத்த வருஷமா! நாளைக்கே முடியாது போல இருக்குடி!"

சொன்னதும் பேச்சிக்கு உறைத்தது. தேடிவந்த பதில் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி நாள். கொஞ்சம் நெல், கொஞ்சம் புழு, நத்தை, தளிர். வயிறு போதும் என்றதும் வயலைவிட்டு வந்துவிடுவாள். வரப்பில் ஏறிச் சிறகடித்து எம்புவாள், விழுவாள், மறுபடி எம்புவாள். ஓரகத்தி வீட்டுக்குப் போய் நெல்லும் தின்று, சமாதானமும் ஆனாள். தம்பட்டம் அடிக்க இதில் ஒன்றுமே இல்லை. யோசனை கேட்டும் யாரும் வரவில்லை. ஆனாலும் தாழம்புதரில் முதலில் கீழ்க்கிளை எட்டியது. பிறகு நடுக்கிளையும் எட்டியது.

சித்திரை வந்தது. கோரை காய்ந்து சரசரத்தது. கானாங்கோழிகள் ஒவ்வொன்றாக வாய்க்காலைத் தாண்டின. சுடலை மட்டும் பேச்சிக்காகக் காத்திருந்தான். அப்போது காய்ந்த கோரையை விலக்கிக்கொண்டு கீரி வந்தது.

"தாயி! சாப்பாட்டு நேரம்!"

"பேச்சி, பறளா!" என்று சுடலை கத்தினான்.

பேச்சி கரையோடு ஓடினாள். எம்பினாள். உடம்பு எழும்பியது! கால் விரல் தண்ணீரில் இழுபட்டது. நடு வாய்க்காலில் மூச்சு முட்டியது. "மலையைத் தாண்டுறாளே அவ, நான் ஒரு வாய்க்காலைத் தாண்டமாட்டேனா!" என்று அடித்தாள் சிறகை. அக்கரைச் சேற்றில் மார் அடிபட விழுந்தாள். விழுந்தால் என்ன, அக்கரை ஆயிற்றே! சுடலை பக்கத்தில் வந்து இறங்கினான். கீரி நீரோட்டத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் உப்பங்கழியில் ஓர் இரைச்சல் எழுந்தது. கொசு உள்ளான்கள் கூட்டமாகக் கிளம்பின. சேறு முழுக்கச் சிறகு முளைத்து எழுந்தது போல இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே உடம்பாகத் திரும்பி, வடக்கே போயின. வானம் எவ்வளவு பெரியது! அதில் அவை எவ்வளவு சிறியவை!

"தங்கச்சி, பத்திரமாப் போயிட்டு வா!" என்று பேச்சி கத்தினாள். கடைசிப் புள்ளி மறைகிறவரைக்கும் சுடலையும் அவளும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அடுத்தவர் பயணத்துக்கென்று அமைந்த தீனியைப் பார்த்து நாமும் தின்றால் பலிக்காது. வருஷம் முழுக்க நம்மால் கடைப்பிடிக்க முடிகிற வழிதான் நம் உடம்பை இளைக்க வைக்கும்.