சிங்கராயரின் சாக்கு

கொடிக்கம்பத்துக்காக நீட்டிய கையில் சலேத்தம்மா ஒரு வெறும் சாக்கை வைத்தாள்.

சிங்கராயர் சாக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சாக்கு, அண்ணே."

"அது தெரியுது. கொடி?"

"கொடியை லூர்து பிடிக்கட்டும். நீங்க கடைசியில வாங்க. வழியில கிடக்கிறதைப் பொறுக்கிக்கிட்டே வாங்க."

வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து நாற்பது பேர் காவி உடுத்தி, ஏழு நாள் நடந்து, கடற்கரை மாதா கோயிலுக்குப் போவார்கள். முன்னால் கொடி. அதன் பின்னால் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேர். தேருக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஜனம். கூட்டத்தை நடத்துகிறவள் சலேத்தம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாற்பது வயது ஆகவில்லை. சிங்கராயர் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷமாகக் கொடி பிடித்து எல்லோருக்கும் முன்னால் நடந்தவர்.

சலேத்தம்மாவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. அடுத்த வருஷம் கூட்டத்தை நடத்தப்போவது சிங்கராயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்தான். ஆனாலும் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் கற்றுக்கொள்ள வந்தவராகவே நடந்துகொண்டார். புறப்படுவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தார்:

"கூட்டத்தை நடத்துறவன் மாதாவுக்கு ரொம்பக் கிட்ட நடக்கணும் இல்லையாம்மா? எந்த இடத்துல நடந்தா கிட்ட?"

அதற்கு அவள் மறுநாள் காலையில் சாக்கைக் கொடுத்தாள்.

சாக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் நாள் வழியில், வேலுச்சாமி என்கிற விவசாயி ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டுக் கூட்டத்தை மறித்தார். அவருடைய கறவை மாடு செத்துப்போயிருந்தது. மாட்டு டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கூடை தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிய பாலித்தீன்.

"உங்க மாதாவுக்கு நான் விரோதி இல்லை. நடைப்பயணக் கூட்டங்க இந்த வழியா போக ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் என் மாடு நல்லா இருந்துச்சு. அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அப்போதும் எதிர்ப்பக்கம் அன்னதானப் பந்தலில் பாக்கெட் தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொடுக்கிற கைக்குப் புண்ணியம், குடிக்கிற வாய்க்குப் புண்ணியம். பாக்கெட் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் ரோட்டில் கிடந்தது.

ஊர் திரும்பியதும் நாற்பது பேரும் கோயில் பீடத்தின் முன்னால் நின்று சத்தியம் செய்தார்கள். இனி வழியில் ஒரு காகிதம்கூட விட மாட்டோம். பங்குச் சாமியார் அதை எழுதிக் கோயில் கதவில் ஒட்டினார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து கூட்டத்தின் வாலில் ஒரு சாக்கு வந்தது. அதைத் தூக்கி வந்தவள் சலேத்தம்மா. அவள் நடை மெதுவானது, அதனால்தான் கடைசியில் வருகிறாள் என்று சிங்கராயர் நினைத்திருந்தார்.

அவருடைய அவசரம் அவருக்கு. மகள் ஜெனிட்டாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்து, இருபத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டார்: 'பிள்ளையைக் கையில கொடு தாயே. இந்த வருஷம் திருவிழாக் கொடி ஏறும்போது அங்கே நின்னு என் கண்ணால பார்த்துக் கையெடுக்கிறேன்.' பிள்ளை கைக்கு வந்துவிட்டது. இப்போது குப்புற விழுகிறது. வேண்டுதல் பாக்கி நிற்கிறது. ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கொடி. குனிந்து குனிந்து நிமிர்கிறவன் ஆறு மணிக்குப் போய்ச் சேருவானா? போய்ச் சேராவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

"என் வேண்டுதல் உங்களுக்குத் தெரியும்ல?" என்று முதல் நாளே கேட்டார்.

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுமா கடைசியில விட்டீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவர் தனியாகப் பேசிக்கொண்டே நடந்தார்.

கடைசியில் நடப்பது வேறு உலகமாக இருந்தது. எவன் நொண்டுகிறான், எவள் செருப்பு அறுந்து நிற்கிறாள், எல்லாம் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. தேரில் மாதாவைத் திருப்பி வைத்திருந்தார்கள். தேர் முன்னே போக, சுரூபம் பின்னே பார்த்துக்கொண்டு போனது. தங்கும் இடங்களில் தேரை எப்படியும் ஜனங்களைப் பார்க்க நிறுத்திவிடுவார்கள், அதனால் பதினொரு வருஷமாக அவர் கவனித்ததில்லை. எவன் பார்த்த வேலையோ என்று முணுமுணுத்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் தலைகளுக்கு மேலே அந்தச் சின்ன முகம் அவரையே பார்த்தது.

தங்குகிற ஊரில் மாலையானதும் சாக்கை ஊராட்சிக் குப்பை வண்டியில் காலி செய்வார். காலையில் மறுபடி வெறும் சாக்கு.

ஐந்தாம் நாள் வேலுச்சாமி வாசலில் நின்றிருந்தார். கையில் மூங்கில் இல்லை. கூட்டம் முழுக்கப் போகும்வரை பார்த்தார். கடைசியில் வந்த சிங்கராயரை நிறுத்தினார்.

"ரெண்டு வருஷமா அந்த நர்ஸம்மாதான் சாக்கோட வரும். இப்ப நீரா?"

"ஆமாங்க. எனக்குத் தண்டனை."

"என்ன தப்பு பண்ணினீர்?"

"மாதா கிட்ட நடக்கணும்னு கேட்டேன்."

வேலுச்சாமி உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிங்கராயர் நின்று குடித்தார்.

"செம்பைக் கொடுத்துட்டுப் போம். சாக்குல போட்டுடாதீர்."

ஏழாம் நாள் எல்லா ஊர்ச் சாலைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. எங்கெங்கிருந்தோ வந்த கூட்டங்கள், எங்கெங்கிருந்தோ வந்த குப்பை. மூன்றரை மணிக்குள் சாக்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கோயிலுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். சிங்கராயர் சாக்கைக் கீழே போட்டார். நடக்கிறவர்கள் காலுக்குக் கட்டுப் போடும் மருந்துப்பையுடன் சலேத்தம்மா அவரிடம் வந்தாள்.

"இனிமே முடியாதும்மா. நியாயமாப் பேசுவோம். நாம என்ன சத்தியம் பண்ணினோம்? நாம எதையும் விட மாட்டோம்னு. அடுத்தவன் விட்டதை எல்லாம் எடுப்போம்னு எங்கேயும் எழுதலையே. கதவுல ஒட்டியிருக்கு, போய்ப் படிச்சுப் பாருங்க."

"சரிதான்."

"நம்ம குப்பையை நான் எடுக்கிறேன். ஒண்ணு விடாம எடுக்கிறேன். ஊர் உலகத்துக் குப்பைக்கு நானா பொறுப்பு?"

"இல்லை அண்ணே."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சலேத்தம்மா சாக்கின் அடியைப் பிடித்துத் தூக்கிச் சாலையோரம் மொத்தத்தையும் கொட்டினாள்.

"நம்முடையதைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு வாங்க. மத்தது இங்கேயே கிடக்கட்டும்."

அவள் போய்விட்டாள். தேரும் போய்விட்டது. ஜெபமாலைச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

சிங்கராயர் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிஸ்கட் கவரை எடுத்தார். இதே பிஸ்கட்தான் காலையில் லூர்து எல்லோருக்கும் கொடுத்தான். இன்னொரு கவர். அதே பிஸ்கட். தண்ணீர் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே பந்தலில் கொடுத்தவை. எது யார் வாயில் இருந்தது? தன் பக்கம் இரண்டை வைத்தார், எதிர்ப்பக்கம் மூன்றை வைத்தார், பிறகு ஒன்றை இந்தப் பக்கம் மாற்றினார். போகிற கூட்டத்தில் ஒருத்தி, "பாவம், பெரியவருக்கு என்ன தொலைஞ்சதோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது ஒன்று கையில் அகப்பட்டது. தீர்ந்துபோன மாத்திரை அட்டை. பிரஷர் மாத்திரை. அட்டையின் பின்னால் நீலப் பேனாவில் எழுதியிருந்தது: 'அப்பா, காலை மட்டும்.'

ஜெனிட்டாவின் கையெழுத்து.

காலையில் டீ குடித்த இடம் நினைவுக்கு வந்தது. கடைசி மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டார். அட்டையை எங்கே போட்டார் என்று யோசித்துப் பார்த்தார். பிறகு யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. இப்போது அது கையில்தான் இருந்தது. டீ குடித்த இடத்திலேயே கீழே போட்டுவிட்டு, பிறகு வாரும்போது இலை, கப்போடு சேர்த்துத் தானே வாரிப் போட்டிருக்கிறார்.

அந்தக் குவியலில் யாருடையது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீதி அத்தனையையும் இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டார். வாயைச் சுருட்டித் தோளில் ஏற்றினார். ஓட ஆரம்பித்தார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்காக. காலில் கொப்புளம், தோளில் சாக்கு, ஐம்பத்தொன்பது வயது. வழியில் கிடந்ததை விட்டுவிட்டு ஓடவும் மனசு வரவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், ஓடினார். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. எதிர்க்காற்றில் கடல் வாசனை வந்தது. கூட்டம் இந்நேரம் கொடிமரத்தடிக்குப் போயிருக்கும். 'தாயே, என் மேல இருக்கிற கோபத்தைப் பிள்ளை மேல காட்டாதே' என்று வாய்விட்டே சொன்னார்.

கோயிலுக்குத் திரும்பும் வளைவில் தேர் நின்றிருந்தது.

தேர் மட்டுமில்லை. முப்பத்தொன்பது பேரும் நின்றிருந்தார்கள். மற்ற ஊர்க் கூட்டங்கள் பாடிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. லூர்து கொடிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு குரல் கொடுத்தான்.

"வாரும் கண்டக்டரே. பஸ்ஸைக் காக்க வச்சவரைக் கண்டா நீர் எப்படித் திட்டுவீர்? அதை இன்னைக்கு நான் உமக்குத் திட்டணும்."

சிங்கராயருக்கு மூச்சு வாங்கியது. சலேத்தம்மாவைப் பார்த்தார்.

"நீங்க போகலையா? கொடி ஏறிடுமே."

"கடைசி ஆள் ஏறாம நீங்க எப்பவாவது ரைட் கொடுத்திருக்கீங்களா அண்ணே?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். முப்பது வருஷம் பின்வாசலில் நின்ற உடம்பு அது. கை தானாக உயர்ந்தது.

"போலாம், ரைட்."

தேர் நகர்ந்தது. மணலில் நாற்பது பேரும் தள்ளிக்கொண்டு கொடிமரம் தெரியும் இடத்துக்குப் போய் நிற்கவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கொடி மெல்ல மெல்ல ஏறியது. காற்றில் விரிந்தது. சிங்கராயர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். சாக்கின் வாய் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் சாக்கும் சேர்ந்து உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஏழு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சத்தமில்லாமல் இறங்கிப்போயிற்று. மூக்கைச் சிந்திக்கொண்டு மணலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். பிள்ளை அழும் சத்தத்தை இரண்டு நிமிஷம் கேட்டார்.

சலேத்தம்மா அவர் காலை மடியில் எடுத்து வைத்துக் கொப்புளத்துக்கு மருந்து போட்டாள்.

போன் பையில் போனதும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"ஒரு குறை இருக்கும்மா. ஏழு நாளா பார்க்கிறேன், தேர்ல மாதாவைத் திருப்பி வச்சிருக்கீங்க. போற திசையைப் பார்த்துல வைக்கணும்? அவ பின்னாலேயே பார்த்துக்கிட்டு வர்றா. அடுத்த வருஷம் நான் சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க அண்ணே. இனி உங்க கூட்டம்."

அவள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"நாலு பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கிட்டு ரோட்டுல போற அம்மாவைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காம என்ன? பஸ் ஸ்டாண்டுல தினம் பார்ப்பேன்."

"அவ எங்கே பார்த்துக்கிட்டு நடப்பா?"

"கடைசியா வர்ற பிள்ளைப் பக்கம்..." என்று தொடங்கிய சிங்கராயர் தேர்ப் பக்கம் திரும்பினார். பிறகு சாக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.