நிற்காத மையம்

"மேடம், மையம் ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது."

சொன்னவன் முத்துக்காளை. எலும்பு அறுவை சிகிச்சை படிக்கிறவன். கேட்டவர் அவனுடைய ஆசிரியை டாக்டர் ஜெயசீலி.

அறுவை மேசையில் ஆவுடையப்பன் படுத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வலது முழங்காலை மாற்ற வேண்டும். முதுகில் போட்ட ஊசியில் இடுப்பும் கால்களும் மரத்துவிட்டன. ஆனால் விழித்திருந்தார். அவர் முகத்தை ஒரு பச்சைத் துணி மறைத்திருந்தது.

தொடை எலும்பு இடுப்புக்குள் எந்தப் புள்ளியில் சுழல்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தொடையில் அடையாளக் குமிழ்களைப் பொருத்திக் காலைச் சுற்றினால், கணினி அந்த மையப் புள்ளியைக் கணித்து மானிட்டரில் காட்டும். அதை வைத்துத்தான் முழங்காலில் எலும்பை வெட்டுவார்கள். புள்ளி பிசகினால் கால் கோணிவிடும்.

"சின்னதா சுத்தினா பத்தாதுங்குது. பெருசா சுத்தினா ஒவ்வொரு தடவையும் வேற இடத்தைக் காட்டுது."

"எது சரி?"

"தெரியல மேடம். சராசரி எடுத்துக்கட்டுமா?"

"ஹாஸ்டல்ல எத்தனை ரூம் மாறினே?"

"மூணு."

"உனக்கு லெட்டர் போடணும்னா மூணுக்கும் நடுவுல, மாடிப்படியில போடட்டுமா?"

நர்ஸ் சிரித்தாள். முத்துக்காளைக்குக் காது சுட்டது.

"மெஷின்ல கோளாறா இருக்குமா மேடம்?"

"இருக்கலாம்."

"என் கையிலயா?"

"இருக்கலாம்."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நீ சொல்ற இடத்தை வச்சுத்தான் வெட்டப்போறேன்" என்றார் டாக்டர். "இன்னொரு தடவை சுத்து. மானிட்டரைப் பார்க்காதே."

முத்துக்காளை பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். அகலமாகச் சுற்றினான்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி, காலைத்தானே சுத்துறீங்க?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப என் தலை ஏன் ஆடுது? மண்ரோட்டுல பஸ் போற மாதிரி இருக்கே."

"மன்னிச்சிருங்க ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

மறுபடியும் சுற்றப் போனான்.

"அவர் உன்னை மன்னிப்பா கேக்கச் சொன்னாரு?" என்றார் டாக்டர். "கேள்விதானே கேட்டாரு."

முத்துக்காளையின் கை பாதியில் நின்றது.

மானிட்டரைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். காலை மெல்ல மேசையில் வைத்தான்.

"சிஸ்டர், காலோட சேர்ந்து இடுப்பும் நகருது. ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சுக்கங்க. கொஞ்சம்கூட நகரக் கூடாது."