எட்டுக்குப் பின் பத்து

விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்க வேண்டிய கதை இது. எண்ணாமல் கேட்டால் விடை கைநழுவிப் போகும்.

வடகரைப்பட்டியில் ஒரு தையல் பயிற்சி நிலையம் இருந்தது. வேலையில்லாதவர்களுக்கு மூன்று மாதம் இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டத்தின் கீழ், தணிகைவேலன் என்பவர் அதை நடத்திவந்தார். அந்த முறை ஒரு பரிசும் சேர்ந்து வந்தது. தொழிலை அங்கேயே முதன்முதலாகக் கற்றவர்களில் ஒருவருக்குச் சீருடை தைக்கும் கூடத்தில் நிரந்தர வேலை. ஒரே ஒரு வேலை.

அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரியின் பெயர் மரகதவல்லி. பேச்சு குறைவு, எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். அவர் கைப்பையில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ‘தொழில் தெரிந்த ஒருத்தி தெரியாதவள்போல உட்கார்ந்திருக்கிறாள். ஏமாறாதீர்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

உள்ளே நுழைந்ததுமே எண்ணத் தொடங்கினார். மிஷின்கள் பன்னிரண்டு. பன்னிரண்டும் மோட்டாரில் ஓடுபவை. காலால் மிதித்து ஓட்டும் பழைய மிஷின் ஒன்றுகூட இல்லை. சேர்ந்தவர்கள் இருபத்து நான்கு பேர். தேறியவர்களும் இருபத்து நான்கு பேர். ஒருத்திக்குக்கூடத் தையல் வராமல் போகவில்லையா? அந்த எண்ணிக்கை அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

சுவரில் திட்டத்தின் விதிகளை ஒட்டியிருந்தார்கள். வரிகளை எண்ணினார்: பத்து. ஆனால் கடைசி வரிக்குப் பதினொன்று என்று எண் போட்டிருந்தது. மறுபடி மேலிருந்து படித்தார். எட்டுக்குப் பின் பத்து வந்தது.

விடுபட்ட விதி அவருக்கு மனப்பாடம். பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட தொழிலாளர் நெறியைப் பின்பற்றி எழுதிய விதி அது. முன்பே தொழில் அறிந்தவரைப் பயிற்சியில் உட்கார வைக்கக் கூடாது. சோதித்துப் பார்த்து அன்றே சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும்.

“ஒன்பதக் காணோமே?”

“அச்சடிச்சவன் விட்டுட்டான் மேடம்,” என்றார் தணிகைவேலன். கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது.

மரகதவல்லி வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மூன்று பேரைப் பிரித்தார். பேருந்து நிலையத்தில் பூ கட்டி விற்ற பிலோமினா. தையல்கடைக்காரரின் மனைவி தாஜுன்னிசா. வயல் வேலை என்று எழுதிக்கொடுத்திருந்த பேச்சியக்காள். “இங்கே வருமுன் மிஷினைத் தொட்டதே இல்லை” என்று மூவரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு சட்டைப் பை தைக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிலோமினா மிதியை ஒரே அழுத்தாக அழுத்தினாள். விரல்கள் பறந்தன.

“பாத்து அக்கா, மல்லிகைன்னு நெனச்சு முடிச்சுப் போட்டுடாதீங்க,” என்றாள் தாஜுன்னிசா.

“நீ உன் பிரிக்கிற வேலையப் பாரு தாயி. புருஷன் கடையில பித்தான்கூட உன்னைத் தைக்க விடலியா?”

“மிஷினத் தொட விட்டிருந்தா நான் ஏன் இங்க வந்து ஒங்க வாயில விழுறேன்?”

பிலோமினா நான்கு நிமிடத்தில் முடித்தாள்; தையல் நேராக இருந்தது. தணிகைவேலன் மெல்லக் குனிந்து, “அந்த வேகத்தப் பாருங்க மேடம். புதுசா கத்துக்கிட்டவ மாதிரியா இருக்கு? எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு,” என்றார்.

தாஜுன்னிசாவுக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

பேச்சியக்காள் மூன்று முறை நிறுத்தி, மூன்று முறை தொடங்கினாள். தொடங்கும்போதெல்லாம் வலது கை சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளியது. பிறகு இரண்டு பாதங்களும் குதிகாலும் நுனிக்காலுமாக ஏறி இறங்கின. ஏழு நிமிடம். தையல் நடுவில் கொஞ்சம் கோணியிருந்தது.

மரகதவல்லி மூன்று பைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். பேனாவைத் திறந்தார்.

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்? தொழில் தெரிந்தவள் யார்? அந்த ஒரு வேலை யாருக்கு? மறைத்தவளுக்குக் கொடுக்க வேண்டியது தண்டனையா, வேறு ஏதாவதா?

விடை: தொழில் தெரிந்தவள் பேச்சியக்காள். மோட்டார் மிஷினுக்கு மிதியை அழுத்தினால் போதும். சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டுக் கால் ஆட்டுவது, கால் மிஷினில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவர்களின் பழக்கம். அந்த மிஷினோ அங்கே ஒன்றுகூட இல்லை. பிலோமினாவின் வேகம் பூ கட்டிய விரலின் வேகம். தாஜுன்னிசாவும் புதியவள்தான், ஆனால் விரைவாகவும் நேராகவும் தைத்தவள் பிலோமினா; ஆகவே வேலை அவளுக்கே. யாரும் சொல்லாத சந்தேகத்தைத் தானே எடுத்து அவள் மேல் போட்டவர் தணிகைவேலன். தொழில் தெரிந்தவர்களைப் புதியவர்களாகச் சேர்த்தால்தானே இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு தேறும்? அதற்காகவே அவர் ஒன்பதாம் விதியை மறைத்தார். குற்ற அறிக்கை அவர் மேல் போயிற்று. பேச்சியக்காளை மரகதவல்லி மறுபடி உட்காரவைத்து, “இப்ப ஒங்க கைக்குத் தெரிஞ்ச மாதிரி தைங்க,” என்றார். மூன்று நிமிடம், கோணல் இல்லை. ஒன்பதாம் விதிப்படி அன்றே சான்றிதழ் எழுதினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சியக்காள் சொன்னாள்: “பன்னெண்டு வருசம் தச்சும், கம்பெனிக்காரங்க காகிதம் எங்கன்னுதாம்மா கேட்டாங்க. இங்க வந்தா, தெரியும்னு சொன்னா சேக்க மாட்டோம்னாரு. தெரியாதுன்னேன். மூணு மாசமா கோணலாத் தைக்கிறதுதாம்மா பெரும்பாடா இருந்துச்சு.”