புலவர் வீட்டுக் கரும்பலகை

புலவர் சிற்றம்பலம் அன்று மடத்துக்கு வந்தபோது செருப்பை உதறிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் இலக்கணம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு, கொள்ளிடக் கரையிலிருந்த அந்தச் சின்ன மடத்தின் காந்திமதி அம்மையாரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதில் புலவருக்குக் கூச்சம் ஏதும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார், ஒரு கேள்வி கேட்பார், போவார். ஆனால் ஏழு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை.

அம்மையார் கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி," என்றார் புலவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கேளுங்க."

"இலக்கணம் மனத்தில் எங்கே இருக்கிறது? ஐம்பத்தேழு வருடம் ஒரு சொல் பிசகாமல் பேசிய மனுஷிக்கு, ஒரே காலையில் அது எங்கே போய்விடும்?"

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அப்போதுதான் புலவர் துவைக்கல்லில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு மாசி மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பேச்சு திரும்பி வந்தது. ஆனால் வாக்கியமாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து இறைப்பதுபோல வந்தது.

"'நான், மருந்து, முடி' என்கிறாள். மருந்து முடிந்துவிட்டதா, மருந்தை முடித்துவிட்டாளா? காலம் இல்லை, விகுதி இல்லை, உருபு இல்லை. கூடத்தில் கரும்பலகை மாட்டி எட்டு வேற்றுமையும் எழுதிப் போட்டேன். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன் அம்மா! 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொன்னால்தான் தண்ணீர்."

அம்மையாரின் கை நின்றது. "சொன்னாத்தான் தண்ணியா?"

"கண்டிப்பு இல்லாமல் எப்படி வரும்?"

"வந்துச்சா?"

"டம்ளரைத் தூக்கிக் கரும்பலகைமேல் எறிந்தாள். அன்றிலிருந்து மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. பேசப் பேசத்தான் பேச்சு தேறும், விட்டுவிட்டால் வந்ததும் போய்விடும் என்கிறார் டாக்டர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எவ்வளவுதான் பொறுத்துப் போவது?"

"அவங்களும் அதைத்தான் கேட்டிருப்பாங்க," என்றார் அம்மையார். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வாங்க, போகலாம்."

வழியெல்லாம் புலவர், ஒரு வினைச்சொல்லில் எத்தனை உறுப்புகள் உண்டு, அவற்றில் எவையெல்லாம் மங்கையர்க்கரசிக்குத் தொலைந்துவிட்டன என்று விளக்கிக்கொண்டே நடந்தார். "கொஞ்சம் சும்மா வாங்களேன்," என்று அம்மையார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

மங்கையர்க்கரசி கூடத்தில் முறத்தை மடியில் வைத்து, இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அம்மையாரைப் பார்த்துத் தலையசைத்தார். கணவரைப் பார்க்கவே இல்லை.

அம்மையார் அருகில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"இளங்கீரையா இருக்கே," என்றார். "நேத்து எங்க மடத்திலயும் கீரைதான் செய்வோம்."

மங்கையர்க்கரசியின் விரல்கள் நின்றன.

"செய்தோம்," என்று புலவர் வாயெடுத்தார். அம்மையார் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினார்.

"நாளைக்கு நல்ல மழை பெஞ்சுதும்மா."

இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோல மங்கையர்க்கரசி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் மடத்துக்கு வந்துச்சு," என்றார் அம்மையார், கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பாவம், ரொம்ப நேரம் கத்துச்சு. அப்புறம் என்னையும் இழுத்துக்கிட்டு வந்துச்சு."

முறம் குலுங்கியது. கீரை தரையெல்லாம் சிதறியது. மங்கையர்க்கரசி சிரித்தார். உதட்டின் ஒரு பக்கம் மேலே எழவில்லை. ஆனால் தோள், கழுத்து, கண் எல்லாம் சிரித்தன. அந்த வீட்டில் ஏழு மாதமாகக் கேட்காத சத்தம்.

"ஆமா," என்றார் மூச்சு வாங்கியபடி. "கத்து… கத்துச்சு."

அம்மையார் புலவரைத் திரும்பிப் பார்த்தார். "இலக்கணம் தொலைஞ்சு போனவங்களுக்கு இதில என்னய்யா சிரிப்பு?"

புலவரின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முப்பத்து நான்கு வருடப் பழக்கம் அவரைவிட முந்திக்கொண்டது.

"கத்தினார்," என்றார். "உயர்திணை. எங்கே, கத்தினார் என்று சொல், அரசி."

சிரிப்பு அணைந்தது. மங்கையர்க்கரசி குனிந்து, சிதறிய கீரையைப் பொறுக்கத் தொடங்கினார்.

அம்மையார் தலையில் அடித்துக்கொண்டார்.

தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்த அம்மையாரை வெறுமே உட்கார வைத்திருப்பது மங்கையர்க்கரசிக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்தார். கண்ணை இறுக மூடிச் சொல்லைத் தேடினார். நெற்றி வியர்த்தது.

"அம்மா…" என்றார். "பால்… அடுப்பு… நீங்க."

"அம்மா இல்லை, அம்மாவுக்…"

"நிறுத்துங்க!" என்றார் அம்மையார். "அவங்க இப்ப என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குக் காபி கொடுக்க வேண்டுமாம். பாலை அடுப்பில் வைக்கச் சொல்கிறாள். என்னை."

"பாலை, அடுப்பில்னு அவங்க சொல்லலையே. யார் போட்டது அதெல்லாம்?"

"நானாகத்தான் போட்டுக்கொண்டேன்."

"உங்க மாணவன் ஒருத்தன் 'பால் குடித்தான்'னு பரீட்சையில எழுதுறான். தப்புன்னு அடிச்சு விடுவீங்களா?"

புலவர் நிமிர்ந்தார். குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "அது எப்படித் தப்பாகும்? பாலைக் குடித்தான் என்று விரியும். இரண்டாம் வேற்றுமைத் தொகை."

"அந்த 'ஐ' எங்க? காணோமே?"

"காணோம் என்று சொல்லக் கூடாது அம்மா. அங்கேதான் இருக்கிறது. மறைந்து நிற்…"

அவ்வளவுதான். சொல்லை முடிக்க முடியவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மங்கையர்க்கரசி அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் கீரைக் கொத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"அவங்க தொகையாச் சொல்லிட்டாங்க," என்றார். "விரிச்சுக்கிறது உங்க பாடு. போய்ப் பாலை வைங்க."