தவிட்டுக்குருவிக்குத் துணை வந்த கதை

பறவையும் விலங்கும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் தனித்தனியாகத்தான் வாழ்ந்தன. இன்று கூட்டமாகக் கத்தித் திரிகிற இந்தக் குருவிகள் அன்று வாய் திறப்பதே அரிது. ஒரு புதருக்கு ஒரு குருவி. அவரவர் கூட்டை அவரவர்தான் கட்ட வேண்டும், அவரவர் சருகை அவரவர்தான் புரட்டிப் பூச்சி பொறுக்க வேண்டும். காரணமில்லாமல் இன்னொருத்தி புதருக்குள் போய் உட்காருவது மானக்கேடு என்று நினைத்தார்கள்.

வெள்வேல மரங்கள் நின்ற ஒரு மேட்டுக்காட்டில் அக்கா தங்கைகள் மூவர் இருந்தார்கள். மூத்தவள் வெள்ளாத்தா. அவள் கட்டிய கூட்டில் ஒரு புல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. கடைசித் தங்கை ராசி, அக்கா சொல்லைத் தட்டாதவள். நடுவில் பிறந்தவள் தேவாயி.

தேவாயி தொடங்காத வேலை இல்லை, முடித்த வேலையும் இல்லை. கூட்டுக்குக் கொழுக்கட்டைப் புல் எடுக்கக் காலையில் கிளம்புவாள். பாதி வழியில் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவது கண்ணில் படும். புல்லை அங்கேயே போட்டுவிட்டுப் புற்றுக்குப் போவாள். அங்கிருந்து பள்ளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். குளிக்கப் போவாள். குளித்து இறக்கை உலர்த்தும்போதுதான் புல் ஞாபகம் வரும். போட்ட இடம் தெரியாது. பொழுது சாயும்போது மற்ற இரண்டு பேரையும்விட அதிகம் பறந்து களைத்திருப்பாள். ஆனால் அவள் கிளுவைப் புதரில் நாலு புல்தான் தொங்கும்.

அவளைச் சோம்பேறி என்று ஊரே சொன்னது. தேவாயிக்கும் அது தெரியும். ஒவ்வொரு நாளும் விடியும்போது, இன்றைக்கு ஒரே மூச்சில் கட்டி முடித்துவிடுவேன் என்று தன்மேலேயே ஆணையிட்டுக்கொள்வாள். இருட்டும்போது அந்த ஆணையை நினைத்து யாரும் பார்க்காத கிளையில் போய் ஒடுங்கிக்கொள்வாள்.

அந்த வருசம் ராசியின் இறக்கையில் முள் ஏறிவிட்டது. அவளால் தன் புதருக்குப் போக முடியவில்லை. பக்கத்திலிருந்த தேவாயியின் கிளுவைப் புதரில் வந்து உட்கார்ந்தாள். உதவி எதுவும் செய்யவில்லை. இறகைக் கோதிக்கொண்டு சும்மா இருந்தாள். தேவாயி புல்லோடு வந்து பின்னினாள். இன்னொரு புல் கொண்டுவந்தாள். வழியில் வெட்டுக்கிளி ஒன்று தாவியபோது அவள் தலை திரும்பியது. ஆனால் புதரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்கிற நினைப்பு அவளை இழுத்து வந்தது. எங்காவது பராக்குப் பார்த்து நின்றுவிட்டால் ராசி ஒரு குரல் கொடுப்பாள். அது போதும். ராசியின் இறக்கை ஆறுவதற்குள் கூடு பாதிக்குமேல் எழும்பிவிட்டது.

தேவாயி அந்தக் கூட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தனக்கு வேலை தெரியாமல் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும், வேலை ஓடுகிறது. முட்டையிடும் காலமும் நெருங்கியிருந்தது. நேரே வெள்ளாத்தாவிடம் போனாள்.

"அக்கா, நீங்க எனக்கு ஒரு புல்லும் எடுத்துத் தர வேண்டாம். காலையில கொஞ்ச நேரம் யாராவது ஒருத்தர் வந்து என் புதர்ல உக்காந்திருந்தா போதும். உங்க இறகையே கோதிக்கிட்டு இருங்க. நான் கட்டிருவேன்."

வெள்ளாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ புல்லுப் பொறுக்க நாங்க காவல் இருக்கணுமா? என் கூட்டைக் கட்டறப்ப நான் யாரைக் கூப்பிட்டேன்?"

தனக்கு அது எப்படி வருகிறதோ, தங்கைக்கும் அப்படியே வரவேண்டும் என்றுதான் வெள்ளாத்தா நினைத்தாள். இன்று இடம் கொடுத்தால் தேவாயி காலமெல்லாம் அடுத்தவர் தயவில் நிற்பாள் என்று பயந்தாள். அதனால் மறுநாள் ராசியையும் கூட்டிக்கொண்டு கிளுவைப் புதருக்கு வந்தாள். அங்கிருந்த பாதிக் கூட்டைப் பார்த்தாள். துணை வைத்துக்கொண்டு கட்டியது கூடே அல்ல என்றாள். புல்லை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள். கூடு முழுவதும் பிரிந்து தரையில் கிடந்தது.

"இனிமே நீயே கட்டு. கட்டி முடிக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வரமாட்டோம்."

ராசிக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அக்கா பின்னாலேயே பறந்து போய்விட்டாள்.

தேவாயி கீழே கிடந்த புல்லைப் பொறுக்கத் தொடங்கினாள். ஒன்றை எடுப்பாள், அது எந்த இடத்தில் இருந்தது என்று யோசிப்பாள், அக்கா சொன்னது நினைவுக்கு வரும், எடுத்தது வாயிலிருந்து விழும். முன்பாவது நாலு புல் நின்றது. இப்போது அதுவும் நிற்கவில்லை. முட்டையோ கூட்டுக்காகக் காத்திருக்கவில்லை. புதரடியில், பிரிந்து கிடந்த அந்தப் புல்லின் மேலேயே நீல நிறத்தில் முட்டைகளை இட்டாள்.

இட்டுவிட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஈசல் புறப்பட்டது, பள்ளத்தில் தண்ணீர் புரண்டது. தேவாயி எழுந்திருக்கவில்லை. பசித்தபோதுதான் அக்காவையும் தங்கையையும் கூப்பிட ஆரம்பித்தாள். வந்து பக்கத்தில் இருங்கள் என்று கூப்பிட்டாள். இருவர் காதிலும் விழுந்தது. வெள்ளாத்தா, இன்னும் துணை கேட்கிற புத்தி போகவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராசி கிளையின் நுனிவரை வந்தாள். அக்காவின் புதரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மதியத்துக்கு மேல் கீரி வந்தது. எதுவும் முதலில் தேவாயி கண்ணில்தான் படும். கீரி காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வரும்போதே பார்த்துவிட்டாள். பறந்திருக்கலாம். ஓரிடத்தில் நிற்காதவள் என்று பேர் வாங்கியவள், அன்று அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குரலை மட்டும் உயர்த்தினாள். மழைச் சத்தத்தில் அந்தக் குரலும் முன்பு கூப்பிட்ட குரல்போலவேதான் மற்ற இருவருக்கும் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. ஒருவழியாக வேலையைத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று வெள்ளாத்தா நிம்மதியானாள்.

மழை விட்டதும் ராசிதான் முதலில் போனாள். ஈரப் புல்லில் நீல ஓடுகளும் தவிட்டு நிற இறகுகளும் ஒட்டிக்கிடந்தன.

ருசி கண்ட கீரி மறுபடியும் அந்தக் காட்டுக்கு வரத்தொடங்கியது. வெள்ளாத்தாவுக்குத் தனியே இருக்கப் பயம். ராசியின் புதருக்கே குடிவந்தாள். ராசி சருகு புரட்டும்போது வெள்ளாத்தா மேலே உட்கார்ந்து பார்த்தாள். வெள்ளாத்தா புல் பின்னும்போது ராசி பக்கத்தில் இருந்தாள். ஒருத்தி சற்று நகர்ந்தாலும் மற்றவள் குரல் கொடுத்தாள். வேலை முன்னைவிட லேசாக ஓடியது. மாலைவரை இழுக்கும் வேலை உச்சிப்பொழுதுக்குள் முடிந்தது.

ஒருநாள் ராசி புல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, தேவாயி கேட்டது இவ்வளவுதானே."

வெள்ளாத்தா நெடுநேரம் ஒரே சருகைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

குஞ்சுகள் பொரிந்து வளர்ந்தன. எதற்காக எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அவை கேட்டன. வெள்ளாத்தா, கீரி வரும் என்றாள். ராசி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். குஞ்சுகள் தங்கள் குஞ்சுகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தன. தேவாயி என்ற பேர் அந்தக் காட்டில் அதற்குப்பின் யார் வாயிலும் வரவில்லை.

அந்த மழைக்காலம் தொட்டுத்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே சருகு புரட்டுகின்றன, ஒன்று வேலை செய்ய இன்னொன்று பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஒன்றையொன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஏனென்று அவற்றைக் கேட்டால் கீரிக்குப் பயந்து என்றுதான் இன்றைக்கும் சொல்லும்.