மில் நாய்ஸுக்கு முதல் ஆள்

பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் ரங்கநாயகி டீச்சரின் பட்டறை இருந்தது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு, பழைய ரேடியோ, சின்தசைசர், லேப்டாப் என்று ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அங்கே பிறந்த இசைக்கு ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. கேட்க வந்தவர்களில் சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர், "கரண்ட் ஏதாச்சும் லீக் ஆகுதுங்களா?" என்று கேட்பார்கள்.

டீச்சரிடம் கற்றுக்கொண்டவர்களில் மூத்தவர் மருதாசலம். டீச்சரைவிடவே நாலு வயது மூத்தவர். இருபது வருஷம் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போட்டவர். எந்த ஸ்பீக்கரில் கோளாறு என்று மண்டப வாசலில் நின்றே சொல்லிவிடுவார். தன் காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு ஃபாரத்தோடு படியேறி வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

"நாம பண்ற மியூசிக்குக்கு வகை, பேருன்னு ஏதாச்சும் வேணுங்களா? இல்ல, பேரே இல்லாம இருந்துட்டுப் போலாமுங்களா?"

டீச்சர் கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைக்கவில்லை. "இன்னிக்கு என்ன திடீர்னு?"

"கொச்சி இசை விழா ஃபாரத்துல 'இசை வகை'ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுக்குத்தான்."

கட்டமாவது ஒன்றாவது! மனுஷனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா என்ற பெண் பட்டறைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. போன மாதம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவளைப் பற்றி எழுதிவிட்டது. பஞ்சாலைச் சத்தத்தைப் பதிவு செய்து அதிலிருந்து அவள் செய்யும் இசைக்கு 'மில் நாய்ஸ்' என்று பெயரும் வைத்து, அந்த வகைக்கு அவள்தான் முதல் ஆள் என்றும் போட்டுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அதே மில்லுக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் மருதாசலம். வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், காதெல்லாம் பஞ்சாக வெளியே வந்தவர். அந்தக் கட்டத்தில் 'மில் நாய்ஸ்' என்று எழுதினால் ஜெசிந்தாவுக்கு வால் பிடித்த மாதிரி ஆகிவிடும். வேறு எதையாவது எழுதினால் யார் சீந்துவார்கள்? பட்டறையிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் கொச்சியில் இடம்.

அந்தப் பத்திரிகைக் கட்டுரையை அவர் நாற்பது தடவை படித்திருந்தார். ஜெசிந்தாவின் இசையை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. அவள் வாசிக்க ஆரம்பித்தால் இவருக்குக் கீழே, பக்கத்துக் கடைப் பேக்கரியில் வேலை வந்துவிடும்.

டீச்சர் ஊதுபத்திப் புகை மாதிரி எழுந்த ஈயப் புகையை விலக்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலைல கொச்சியில இருந்து, விழாவுக்கு ஆள் எடுக்கற குரியன் வர்றார். நீங்களும் ஜெசிந்தாவும் சேர்ந்தே வாசிங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

"சேர்ந்தா? எதுக்குங்க?"

"வாசிங்க."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே மருதாசலம் வந்துவிட்டார். மிக்சரை எப்போதும் அவர்தான் பார்த்துக்கொள்வார். வாசித்துக்கொண்டே ஒரு கையை அதன்மேல் வைத்திருப்பார். மைக் செட்காரர்கள் செய்வதுபோல மிக்சரின் கீழ்விளிம்பில் வெள்ளைப் பேப்பர் டேப்பை நீளமாக ஒட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் எது யாருடையது என்று மார்க்கரால் எழுதினார். மூன்றாவது 'மரு'. நான்காவது 'ஜெசி'. ஒயர்களைச் சொருகிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கக் கீழே போனார்.

பத்து மணிக்குக் குரியன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசிப்பு தொடங்கியது. இருவருடையதும் லேப்டாப்பில் முன்பே அடுக்கி வைத்தது. ஓடவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும். ஒரே மில், ஒரே கூடத்து மெஷின்கள். எது யாருடையது என்று வெளியாள் யாருக்கும் தெரியாது.

அது மருதாசலத்துக்கும் தெரிந்திருந்தது. இரண்டு நிமிஷம் பொறுத்தார். பிறகு அவருடைய விரல் நான்காவது ஃபேடரை ஒரு நூல் கீழே இழுத்தது. யாரும் திரும்பவில்லை. இன்னும் ஒரு நூல். முதல் ஆளாம், முதல் ஆள்! இன்னொரு நூல். ஐந்தாவது நிமிஷத்தில் 'ஜெசி' பக்கத்து வீட்டு மிக்ஸி அளவுக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் அவருக்கு மனசு நிறைந்து கேட்க முடிந்தது. அடேயப்பா, என்னமா வந்திருக்கிறது! மெஷின் இரைச்சல் மெல்ல மெல்ல விலக, அடியிலிருந்து யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம் ஏறி வந்தது. ஷிஃப்ட் முடிந்த யாரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடுகிற மூச்சு. இதை எப்போது போட்டோம் என்று ஒரு நொடி யோசித்தார். எப்போதோ போட்டிருப்போம், நாம் போடாமல் வேறு யார் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். மீதிப் பதினைந்து நிமிஷமும் கண்ணைத் திறக்கவில்லை.

முடிந்ததும் குரியன் எழுந்து வந்தார். நன்றாகவே தமிழ் பேசுவார்.

"அந்த மூச்சு மாதிரி வந்துச்சே, அது யாரோடது?"

"என்னோடதுங்க," என்றார் மருதாசலம்.

ஜெசிந்தா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா..." என்றாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நீங்கதான் கொச்சிக்கு வரணும்," என்று குரியன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் ஜெசிந்தாவிடம், "சாருக்குக் கீழ பேக்கரியில ஏதாவது வாங்கிக் கொடும்மா," என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டே அவரை அழைத்துக்கொண்டு இறங்கினாள்.

மருதாசலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிக்சரைத் துடைத்தார். தேவையே இல்லாமல் இன்னொரு தடவை துடைத்தார்.

"டேப்பை உரிச்சிடலாமுங்களா டீச்சர்?"

"ஒயரைப் பாத்துட்டு உரிங்க."

பின்பக்கம் குனிந்து பார்த்தார். மூன்றாவதில் ஜெசிந்தாவின் நீல ஒயர். நான்காவதில் அவருடைய கறுப்பு ஒயர்.

கறுப்பு ஒயரை லேப்டாப் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார்.

"நீங்க டீ வாங்கப் போனப்ப நான்தான் மாத்திச் சொருகினேன்," என்றார் டீச்சர்.

"ஏனுங்க?"

"பேர் வேணுமான்னு கேட்டீங்கல்ல? டேப்புல எந்தப் பேர் இருந்தாலும் உங்க காது அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும், யார் இந்த வேலையப் பாத்ததுன்னு சத்தம் போடுவீங்கன்னு நினைச்சேன். அப்ப பேசிக்கலாம்னு இருந்தேன்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஃபேடரை இறக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல, மருதாசலம்."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தன் சத்தத்தைத் தானே அமுக்கியிருக்கிறார். அது போகட்டும். கண்ணை மூடிக்கொண்டு அவர் உருகி உருகிக் கேட்டது அவளுடையது. அவ்வளவு நன்றாக இருந்ததே என்று நினைத்ததும் மறுபடியும் வயிறு எரிந்தது. இந்தத் தடவை எரிந்தது நிஜமான எரிச்சல். பத்திரிகை எழுதியதற்காக இல்லை.

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்."

"என்னன்னு சொல்றது? நம்ம மருதாசலம் திருடிட்டாருன்னா?"

"திருடணும்னு சொல்லலைங்க. சத்தியமா என்னோடதுன்னுதான் நினைச்சேன்."

"தெரியும். அவளுக்குத் தெரியாது."

மருதாசலம் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினார். 'மரு' பாதி கிழிந்து வந்தது. கொச்சி ஒரு தடவை கண் முன்னால் வந்து போயிற்று. மேடை, விளக்கு, பேனரில் தன் பெயர். ஐம்பதை நெருங்கும் வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடப்போகிறார்கள்?

பேச்சை மாற்றப் பார்த்தார். "நேத்து நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலைங்களே. நம்ம இசைக்குப் பேர் வேணுமா, வேண்டாமா?"

டீச்சர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஒரு பேர் வேணும். அந்த மூச்சு யாரோடதுங்கற பேர். குரியன் இன்னும் டீ குடிச்சு முடிக்கல, போங்க."