பஸ்ஸில் ஏறிய மேகம்

தற்காலிகத் தமிழ் டீச்சர் செண்பகவல்லியின் வகுப்பில் தினம் ஒரு பிள்ளை, பழைய டேப்லெட்டில் ஒரு தொடர்கதையின் அடுத்த துண்டைத் தன் குரலில் பதிவு செய்யும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி துரைக்கண்ணு டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "வெறும் விளையாட்டு. பிள்ளைங்களுக்குத் தமிழ்ல ஆர்வம் வந்திருக்குன்னா என் கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா இது என்னோட வந்துரும்."

"கேளுங்க சார்" என்று செண்பகவல்லி அவர் கையிலேயே கதையை ஓடவிட்டாள்.

வழிதவறிய மேகம் ஒன்று டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. பஸ் மெல்ல மிதந்தது. தென்னந்தோப்புகள் பச்சைப் புள்ளிகளாயின. டிக்கெட் கேட்டுத் தொட்ட கண்டக்டரின் விரல் நனைந்தது. அத்தோடு குரல் நின்றது.

அதிகாரிதான் முதலில் கேட்டார், "அப்புறம்?"

"மீதியை நாளைக்குத்தான் முத்தரசி பதிவு செய்வா சார். எடுத்துட்டுப் போறீங்களா?"

அவர் டேப்லெட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "நாளைக்குத் தமிழ் எத்தனையாவது பீரியட்?"